பதினாறாம் நெடுஞ்சாலையில் இல்லாத கார்

1. கனடா என் தலையில் விழுந்தது

டுசல்டோர்ஃபில் ஒரு பயணக் காப்புறுதி நிறுவனத்தின் அவசரத் தொலைபேசிப் பிரிவில் வேலை பார்த்து, போன வருடம் ஓய்வு பெற்றவள் நான். பெயர் யோகேஸ்வரி. வேலையிடத்தில் ஃபிரௌ யோகா, அதாவது திருமதி யோகா. ஜேர்மனியில் இருந்து போகிறவர்களின் வாடகைக் கார் வெளிநாட்டில் நின்றுவிட்டால், பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால், சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால், எங்களுக்குத்தான் போன் அடிப்பார்கள். நாங்கள் அந்தந்த நாட்டில் காரை இழுக்கும் டோ ட்றக் ஒன்றைப் பிடித்து அனுப்புவோம். இதுதான் வேலை. கேட்க லேசாக இருக்கும்.

முதல் நாள் எங்கள் பொறுப்பாளர் ஹெர் வெண்ட் மேசைகளைப் பிரித்தார். இத்தாலி ஒருத்திக்கு, ஸ்பெயின் ஒருவருக்கு. என்னிடம் வந்தபோது முகம் மலர்ந்து சொன்னார். அவர் சொன்னது ஜேர்மனில், நான் எங்கள் தமிழில் தருகிறேன்.

"உங்கட சொந்தக்காரர் எல்லாம் கனடாவிலைதானே? அப்ப கனடா உங்களுக்கு."

"அவையள் டொரன்டோவிலை, ஹெர் வெண்ட்."

"அதுதானே, கனடா."

எனக்குக் கிடைத்தது மனிற்றோபா, சஸ்கற்சுவான், அல்பேற்றா என்ற மூன்று சமவெளி மாகாணங்கள். டொரன்டோவில் இருக்கிற என் மச்சாளுக்கும் சஸ்கற்சுவானுக்கும் உள்ள தொடர்பு, எனக்கும் மொஸ்கோவுக்கும் உள்ள தொடர்புதான். அதை விளங்கப்படுத்தப் போனால் அவருடைய காப்பி ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

பயிற்சி என்று ஒரு வரைபடம் தந்தார். ஒரு தாள். வின்னிபெக் நகரத்தில் இருந்து மேற்கே இரண்டு பெரிய வீதிகள் போகின்றன. கீழே போவது ஒன்றாம் நெடுஞ்சாலை, றெஜைனா நகரத்தைத் தொட்டுக்கொண்டு கல்கரிக்குப் போகும். மேலே போவது பதினாறாம் நெடுஞ்சாலை, அது சஸ்கற்றூன் பக்கம். இரண்டுக்கும் நடுவில் வயல், சரளைக்கல் வீதி, திரும்பவும் வயல். மேல் றோட்டு, கீழ் றோட்டு என்று நான் பெயர் வைத்துக்கொண்டேன். வாசிக்கிறவர்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், பின்னுக்குத் தேவைப்படும்.

2. வீட்டு இலக்கம் ஒன்று

எங்கள் கணினியில் வாடிக்கையாளர் நிற்கும் இடத்தைப் பதியும்போது வீட்டு இலக்கம் கேட்கும். அந்தப் பெட்டியை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. சஸ்கற்சுவானில் வீதியோரம் வீடே இல்லை, இலக்கத்துக்கு எங்கே போவது என்று ஹெர் வெண்டிடம் கேட்டேன்.

"விலாசம் இல்லாத இடத்திலை ஆர் கார் ஓடுவினம்?" என்றார்.

நான் எல்லாருக்கும் ஒன்று என்று போட்டேன். வேலை நடந்தது. சில வருடங்கள் கழித்து ஆண்டுக் கூட்டத்தில் அவர் திரையில் ஒரு படம் காட்டி, கனடாவின் மேற்குப் பகுதியில் விபத்துகள் ஏறக்குறைய எல்லாமே ஒன்றாம் இலக்க வீட்டுக்கு முன்னால் நடப்பதாகவும், இதன் காரணத்தை ஆராய வேண்டும் என்றும் சொன்னார். மேலிடத்து ஆட்கள் தலையாட்டிக் குறிப்பெடுத்தார்கள். நான் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஜேர்மன் வாடிக்கையாளர்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஹம்பேர்க்கைச் சேர்ந்த ஓய்வு பெற்ற வரி அதிகாரி ஒருவர் சரளைக்கல் வீதியில் நின்று அடித்தார். எதிரே வந்த லொறி கிளப்பிய கல் முன் கண்ணாடியில் பட்டுவிட்டதாம். கண்ணாடி மாற்ற ஒழுங்கு செய்கிறேன் என்றேன். அவருக்கு அது போதவில்லை.

"அந்தக் கல்லுக்குப் பொறுப்பான அலுவலகம் எது?"

இன்னொரு அம்மா, வீதி இரண்டு மணித்தியாலமாக வளையவே இல்லை, இது சட்டப்படி சரியா என்று விசாரித்தார். வேறு ஒருவர், முன்னாலும் பின்னாலும் ஒரு கார்கூட இல்லாத வீதியில் நூற்றுப்பத்துக்கு மேல் ஓடக்கூடாதென்று பலகை வைத்தவன் யார், அவனுடைய மேலதிகாரி யார் என்று கேட்டார். ஆனாலும் இவர்களிடம் ஒரு நல்ல குணம். எங்கே நிற்கிறீர்கள் என்றால் நிற்கிற இடத்தைச் சொல்லுவார்கள்.

3. எங்கட ஆட்கள்

டோர்ட்மண்ட், எஸ்ஸன் பக்கத்து எங்கள் சனம் அடித்தால் கதை வேறு. என் பெயரைக் கேட்டதும், "நீங்கள் தமிழோ? எந்த ஊர்?" கார் கவிழ்ந்து கிடந்தாலும் முதல் கேள்வி அதுதான். நான் ஊரைச் சொன்னால் அடுத்த கேள்வி, ஊரில் எந்தப் பக்கம். அதன் பிறகு சிலருக்குக் கதை திடீரென்று குறைந்துவிடும். சிலர் வைத்துவிட்டு, ஒரு வெள்ளைக்காரி எடுப்பாள் என்ற நம்பிக்கையில் மறுபடி அடிப்பார்கள். சமவெளி மேசையில் இருந்தது நான் ஒருத்திதான், மறுபடியும் நானே எடுப்பேன். "றோங் நம்பர்" என்பார்கள்.

ஏனென்று எனக்குத் தெரியும். ரிக்கெற் போட்டதை ஒருவருக்கும் மூச்சு விடாமல், விமானம் ஏறிய பிறகு படம் போடுகிற சனம் நாங்கள். கனடாவில் எல்லாருக்கும் சொந்தம் இருக்கிறது. ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டுக்குப் போகாவிட்டால் அது வருடக்கணக்கில் பேச்சாகும். ஆகவே போகாத வீட்டுக்காரருக்குத் தாங்கள் நாட்டிலேயே இல்லை என்று காட்டிக்கொண்டுதான் பயணம் செய்வார்கள். எடுத்தவள் தமிழச்சி என்றால் விசயம் இரவுக்குள் டோர்ட்மண்ட் முழுக்கப் பரவும் என்ற பயம். நான் தொழிலில் வாய் திறந்தவள் இல்லை. இதில் வரும் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

4. தவராசா அண்ணை

ஒரு தை மாதம். எங்களுக்குப் பின்னேரம், அங்கே காலை. சமவெளியில் பெரிய பனிப்புயல், கீழ் றோட்டைப் பல இடங்களில் மூடிவிட்டார்கள் என்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது. டோர்ட்மண்டைச் சேர்ந்த ஒரு மனிதர் அடித்தார். என் பெயரைச் சொன்னேன். ஊர் விசாரணை. நான் சொன்னேன். அவர் தன் பெயர் தவராசா என்று, கடனுக்குக் கொடுப்பதைப் போல மனமில்லாமல் சொன்னார்.

"என்ன நடந்தது, அண்ணை?"

"பெரிசா ஒண்டுமில்லைப் பிள்ளை. கார் கொஞ்சம் வழுக்கிப் பள்ளத்துக்குள்ளை நிக்குது. இழுத்து விட்டாப் போதும். மனுசியும் நானும்தான்."

"எங்கை நிக்கிறீங்கள்?"

"பதினாறிலை. சஸ்கற்றூனுக்குக் கிட்ட."

"லொக்கேஷன் அனுப்புங்கோ."

"அது இஞ்சை வேலை செய்யுதில்லை."

அரை மணிக்கு முன்னால்தான் அவர் டோர்ட்மண்ட் நண்பர்களின் குழுவுக்குப் பனியை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார் என்பது எனக்குப் பிறகு தெரியவந்தது. குளிர் கடுமையாக இருக்கும், 911 அவசர நம்பருக்கும் ஒருக்கால் அடியுங்கோ என்றேன்.

"பொலிஸ் எல்லாம் வேண்டாம். சின்ன விசயம்."

பின்னால் ஒரு பெண்குரல், "உண்மையைச் சொல்லுங்கோவன்" என்றது. அவர் போனைக் கையால் பொத்தினார். எனக்குக் கேட்டதுதான். கணவன் மனைவி பிடுங்குப்பாடு என்று விட்டுவிட்டு, சஸ்கற்றூனில் இருந்து ஒரு டோ ட்றக்கை மேல் றோட்டில் அனுப்பினேன். எஞ்சினை இடைக்கிடை மட்டும் ஓடவிடும்படியும், புகைக்குழாயைப் பனி மூடாமல் பார்க்கும்படியும் சொன்னேன்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு டோ ட்றக்காரன் எனக்கு அடித்து ஆங்கிலத்தில் சலித்துக்கொண்டான். "அம்மா, நான் இஞ்சாலையும் அங்காலையும் ஓடிப் பாத்திட்டன். இஞ்சை ஒரு காரும் இல்லை. நல்ல வெயில். உங்கட ஆக்கள் எந்த உலகத்திலை நிக்கினம்?"

தவராசா அண்ணைக்கு அடித்தேன்.

"அண்ணை, வெளியிலை எப்பிடி?"

"ஒண்டும் தெரியேல்லைப் பிள்ளை. ஒரே வெள்ளை. காத்துச் சுத்திச் சுத்தி அடிக்குது."

"பதினாறிலை வெயில் எறிக்குதாம்."

 "காலநிலை இடத்துக்கு இடம் மாறும் பிள்ளை" என்றார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். சிவப்பு விளக்கு எரியத் தொடங்கிவிட்டதாம். அதையும் பெரிசா ஒண்டுமில்லை என்ற அதே குரலில் சொன்னார். அவர்கள் உடுத்தியிருந்தது டோர்ட்மண்ட் குளிருக்கு வாங்கிய ஜாக்கெட். அங்கே அன்றைக்கு முப்பதுக்கும் கீழே. எஞ்சின் நின்றால் அந்தக் கார் ஒரு தகரப் பெட்டி. இரண்டு பேர் செத்துப்போவார்கள், அந்த மனிதர் என்னிடம் காலநிலை பேசிக்கொண்டிருக்கிறார்.

"அக்காவிட்டைப் போனைக் குடுங்கோ."

"அவவுக்கு ஒண்டும் தெரியாது."

"எனக்குத் தெரியும், தாங்கோ இஞ்சை!" என்று ஒரு சத்தம். போன் கைமாறியது.

5. பவளம் அக்கா

"தங்கச்சி, நாங்கள் மேல் பக்கம் இல்லை. கீழ் றோட்டாலைதான் வந்தனாங்கள். றெஜைனாவுக்கு இஞ்சாலை, ஒரு சின்னக் கல்லு றோட்டிலை நிக்கிறம். எனக்குக் கால் ரெண்டும் விறைச்சுப் போச்சு."

"ஏனக்கா அண்ணை பதினாறு எண்டவர்?"

"இந்தப் பக்கத்திலை என்ரை தம்பி சிவா டோ ட்றக் ஓடுறான். இடத்தைச் சொன்னா அவன்தான் வருவான்."

மிச்சத்தை அவர் அழுதுகொண்டே சொன்னார். மூத்த மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டுக்குத் தாய்மாமன் சிவாவால் கனடாவில் இருந்து வர முடியவில்லை, ஏதோ பேப்பர் அலுவல். அடுத்த மாதம் வாறன், பொறுங்கோ என்று கேட்டிருக்கிறார். தவராசா அண்ணை மண்டபம் எடுத்தாயிற்று, வீடியோக்காரனுக்குச் சொல்லியாயிற்று என்று, தன்னோடு வேலை செய்கிற ஒருவரைத் தாய்மாமன் இடத்தில் நிறுத்திச் சடங்கை முடித்துவிட்டார். வீடியோவில் அந்த மனிதர் மாலையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாராம். அன்றைக்கு விட்ட பேச்சுத்தான், இன்னும் தொடங்கவில்லை. அந்த மகள் இப்போது கல்கரியில், கைக்குழந்தையோடு. பேரப்பிள்ளையைப் பார்க்க முதல் நாள் வின்னிபெக்கில் இருந்து காரில் புறப்பட்டவர்கள் றெஜைனாவைக் கடக்காமல் போக முடியாது. சிவாவின் ட்றக் கண்ணில் பட்டுவிடும் என்று பயந்து, தவராசா அண்ணை அந்த ஒரு துண்டுக்கு மட்டும் பெரிய வீதியை விட்டு வயலுக்குள் இறங்கியிருக்கிறார். பனிப்புயலில். சரளைக்கல் வீதியில். மச்சானின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு.

நான் பொலிசுக்கு அறிவித்தேன். எல்லா இடத்திலும் கார்கள் சிக்கியிருக்கின்றன, வருவோம், ஆனால் நேரம் சொல்ல ஏலாது என்றார்கள். றெஜைனாவில் நாங்கள் வழமையாகப் பிடிக்கும் டோ நிறுவனமும் கை விரித்தது.

"அக்கா, தம்பியின்ரை நம்பர் இருக்கோ?"

அவர் யோசிக்கவே இல்லை. போனைத் தடவித் தேடவும் இல்லை. வருடக்கணக்காக அடிக்காத நம்பரை மூச்சு விடாமல் சொன்னார்.  பின்னால் தவராசா அண்ணை, "அவனுக்கு அடிக்கிறதெண்டா நான் இறங்கி நடக்கிறன்" என்றார்.

"கதவைத் திறந்து போங்கோ பாப்பம்" என்றார் பவளம் அக்கா. கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

சிவாவுக்கு அடித்தேன்.

"ஜேர்மனியிலை இருந்து கதைக்கிறன்."

"ஜேர்மனியிலை எனக்கு ஒருத்தரும் இல்லை."

"உங்கட அக்கா உங்கட றோட்டிலை, பள்ளத்துக்குள்ளை நிக்கிறா. பெற்றோல் முடியப் போகுது."

 சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது, பிறகு கதவு.

"எந்தப் பக்கத்தாலை இறங்கினவை?" என்று கேட்டார். அக்கா சொன்ன அடையாளங்களைச் சொன்னேன். மூடின ஒரு பள்ளிக்கூடம், பிறகு ஒரு தானியக் களஞ்சியம். "விளங்குது. போனை வைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ." இவ்வளவுதான். எப்படி இருக்கிறா என்றோ, மற்றவர் எப்படி என்றோ அவர் கேட்கவில்லை.

6. மேலதிக நேரம்

நான் அக்காவோடு போனிலேயே இருந்தேன். நித்திரை கொள்ள விடக்கூடாது என்று கதை கொடுத்தேன். பேரப்பிள்ளைக்கு என்ன கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டேன். பெட்டிக்குள் பயற்றம் பணியாரமும் அரியதரமும் இருக்கிறதாம். இரண்டு பேரும் காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. திறந்து சாப்பிடுங்கோ என்றேன். "சம்பந்தி வீட்டுக்குக் கட்டினது" என்றார். அந்த நிலையிலும்! நான் கத்தியிருப்பேன் போல, பக்கத்து மேசை ஸ்பெயின்காரர் எழும்பிப் பார்த்தார்.

அப்போது ஹெர் வெண்ட் வந்து நின்று சுவர் மணிக்கூட்டைக் காட்டினார்.

"ஃபிரௌ யோகா, உங்கட நேரம் முடிஞ்சுது. மேலதிக நேரத்துக்கு முன்கூட்டியே அன்ட்றாக் போட வேணும்."

"நாளைக்கு விண்ணப்பம் தாறன். இண்டைக்கு ரெண்டு உயிர் இருக்கு."

"முன்கூட்டியே எண்டால் முன்கூட்டியே" என்றார். நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன்.   மறுமுனையில் அக்காவின் பேச்சு நீளத் தொடங்கியது, சொற்கள் குழைந்தன. எஞ்சின் நின்றுவிட்டது என்றார். பிறகு பதில் வர வரத் தாமதித்தது. நான் அவருடைய பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன்.

பிறகு கண்ணாடியில் யாரோ குத்தும் சத்தம். கதவு. காற்று.

"அக்கா! எழும்பு. என்னைப் பார்." பவளம் அக்கா என்ன சொன்னார் என்று விளங்கவில்லை, அழுகைதான் கேட்டது. சிவா அவரைத் தன் ட்றக்குக்குள் தூக்கிக்கொண்டு போனார் போலும், போன் காரிலேயே கிடந்தது. திரும்பி வந்த சிவாவின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அத்தான், அண்டைக்கு மாலை போட்டுக்கொண்டு மாமனா நிண்டாரே ஒருத்தர், அவருக்கு அடிச்சனீங்களோ? எவடத்திலை வந்துகொண்டிருக்கிறாராம்?"

 சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு தவராசா அண்ணை வாய் திறந்தார்.

"பம்பர் கவனம் தம்பி. வாடகைக் கார்."

7. மூன்றாம் நபர்

ஒரு கிழமையில் பவளம் அக்கா நன்றி சொல்ல அடித்தார். வீதி திறக்கும்வரை சிவாவின் வீட்டில்தான் தங்கினார்களாம். தவராசா அண்ணை முதல் நாள் வாயே திறக்கவில்லை, இரண்டாம் நாள் சிவாவிடம் ரீவி ரிமோட் கேட்டார், மூன்றாம் நாள் கறிக்கு உறைப்புக் காணாது என்றார். "இனிப் பிரச்சினை இல்லை தங்கச்சி" என்றார் அக்கா. பேரப்பிள்ளைக்குக் காது குத்தும்போது சிவாவின் மடியில்தான் வைப்பார்களாம்.

அடுத்த கிழமை தவராசா அண்ணையின் முறைப்பாடு வந்தது. நல்ல ஜேர்மனில், யாரோ படித்த பிள்ளையைக் கொண்டு எழுதியிருந்தார். பணியாளர் குடும்ப விசயங்களைக் கிளறினாராம். வாடிக்கையாளர் நின்ற இடத்தை அவருடைய சம்மதம் இல்லாமல் மூன்றாம் நபர் ஒருவருக்குத் தெரிவித்தாராம். டாட்டன்ஷுட்ஸ், அதாவது தனிப்பட்ட தகவலின் பாதுகாப்பு, மீறப்பட்டதாம். இந்த நாட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால் செத்த பிணமும் எழும்பி நின்று கையெழுத்துக் கேட்கும்.

ஹெர் வெண்ட் என்னைக் கூப்பிட்டார்.

"ஆர் இந்த மூன்றாம் நபர்?"

"காரை இழுத்தவர்."

"எங்கட ஒப்பந்தக்காரரோ?"

"இல்லை. வாடிக்கையாளரின்ரை மனுசியின்ரை தம்பி."

அவர் கணினியில் நெடுநேரம் தேடினார். "அப்பிடி ஒரு பெட்டி இதிலை இல்லை" என்றார், உண்மையான கவலையோடு. எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை தந்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, விபத்து நடந்த வீட்டின் இலக்கம் என்ன என்று கேட்டார். ஒன்று என்றேன். "பாத்தீங்களோ!" என்றார்.

எச்சரிக்கைக்குப் பிறகும் நான் அந்த மேசையில் பல வருடம் இருந்தேன். மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். இந்தத் தொழிலுக்கு வரும் எங்கள் பிள்ளைகள் இதை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். ஜேர்மன்காரர் அடித்தால், எங்கே நிற்கிறீர்கள் என்று கேளுங்கள். எங்கட ஆட்கள் அடித்தால் அதைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். நான் கேட்பது இப்படி:

"அண்ணை, நீங்கள் உதிலை நிக்கிறது ஆருக்குத் தெரியக்கூடாது?"

திகைத்துப்போய் உடனே ஒரு பெயர் சொல்லுவார்கள். அந்தப் பெயருக்குரிய நம்பரை வாங்கி, முதலில் அங்கே அடியுங்கள். எல்லாரிலும் கிட்ட இருக்கிறவர் அவர்தான்.